எலைஜா மெக்காய்

பெரிய தேர் ஒன்று வீதியிலே உருண்டு வருகிறது. காண்போர் கண்கள் தேரின் உச்சியை நோக்குகின்றன. அதன் அணிகளையும், வடம் பிடிக்கும் கூட்டத்தையும் நோக்குகின்றன. சக்கரத்தின் நடுவே மறைந்து கிடக்கும் சிறிய அச்சாணியை நோக்குவோர் அரியர். ஆயினும் அந்த அச்சாணி கழன்றுவிட்டால் தேர் ஓரடியும் நகராது. உருவத்தைக் கண்டு எவரையும் இகழலாகாது என்று உணர்த்த வந்த வள்ளுவர் இவ்வச்சாணியையே உவமையாக எடுத்தாண்டார். அவ்வுவமைக்கு ஓர் இலக்கியமாக வாழ்ந்தவர் எலைஜா மெக்காய் என்னும் அமெரிக்கப் பொறியியல் அறிஞர்.

மெக்காய் பொறியியலை முறையாகக் கற்றுத் தேர்ந்தவர். எனினும் அவருடைய தோலின் நிறத்தை மட்டுமே கண்ட உலகம், எஞ்சினுக்கு எரிபொருள் அள்ளிப் போடும் வேலையே அவருக்குப் போதும் என்று கூறிவிட்டது. அவர் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். ஆனால், அறிவை அடகு வைக்கவில்லை. நெருப்பின் முன் நின்றுகொண்டே, பெரிய பொறியாளர் பலர் தீர்க்க முயன்ற ஒரு குறையை அவர் ஆராய்ந்தார். அதன் பயனாகத் தோன்றிய சிறு கருவி ஒன்று நீராவிப் பொறிகள் தடையின்றி இயங்குவதற்குத் துணையாயிற்று.

தண்டவாளம் இல்லாத பாதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதி மாநிலங்களில் அடிமை முறை வேரூன்றியிருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்களும் அவர்தம் வழித்தோன்றல்களும் ஆடுமாடுகளைப் போல விற்கப்பட்டனர், வாங்கப்பட்டனர். கணவனை ஓரிடத்துக்கும் மனைவியை வேறோரிடத்துக்கும் விற்பது குற்றமாகக் கருதப்படவில்லை. கெண்டக்கி அத்தகைய மாநிலங்களுள் ஒன்று. அதன் வட எல்லையில் ஓஹையோ ஆறு ஓடுகிறது. அவ்வாற்றின் அக்கரையில் அடிமை முறை இல்லை.

ஆயினும், அக்கரையை அடைந்தவுடன் விடுதலை கிட்டிவிடுவதில்லை. தப்பியோடிய அடிமை எந்த மாநிலத்தில் இருப்பினும் அவரைப் பிடித்து மீட்டுக்கொள்ளும் உரிமையை, 1793-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உடைமையாளருக்கு அளித்திருந்தது. ஆதலின் அச்சமற்ற வாழ்வை நாடியவர்கள் மேலும் வடக்கே சென்று, ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த கனடாவை அடைய வேண்டியிருந்தது. அங்கு 1834-ஆம் ஆண்டில் அடிமை முறை அடியோடு ஒழிந்தது.

இவ்வாறு தப்பிச் செல்வோருக்கு உதவி புரிய மறைவான ஏற்பாடு ஒன்று இருந்தது. அதனை நிலத்தடி இருப்புப்பாதை என்று வழங்கினர். உண்மையில் அது நிலத்தின் அடியில் செல்லவும் இல்லை; அதில் தண்டவாளமும் இல்லை; வண்டியும் இல்லை. இரக்கமுள்ள மக்கள் பலர், வெள்ளையரும் கறுப்பினத்தவருமாக, தப்பி வந்தோரைத் தம் இல்லங்களில் மறைத்து வைத்து உணவளித்தனர். இரவு நேரத்தில் அடுத்த இல்லத்துக்கு வழிகாட்டி அனுப்பினர். அவ்வில்லங்களுக்கு நிலையங்கள் என்று பெயர். வழிகாட்டுவோருக்குக் கண்டக்டர்கள் என்று பெயர். விடுதலை என்னும் ஊருக்குச் செல்லும் பயணிகள் அதில் உயிரையே கட்டணமாக வைத்துச் சென்றனர்.

ஜார்ஜ் மெக்காய் என்பவரும் அவர் மனைவி மில்ட்ரெட் என்பவரும் கெண்டக்கியில் அடிமைகளாக வாழ்ந்தவர்கள். அவ்விருவரும் இந்தப் பாதை வழியே தப்பிச் சென்று கனடா நாட்டை அடைந்தனர். ஈரி என்னும் பேரேரியின் வடகரையை அடுத்த கால்செஸ்டர் என்னும் ஊரில் குடியேறினர். அவர்களுக்கு மக்கள் பன்னிருவர். அப்பன்னிருவருள் ஒருவராக எலைஜா மெக்காய் 1844-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் அடிமைகளாகப் பிறந்தனர். மைந்தரோ உரிமைக் குடிமகனாகப் பிறந்தார். இடையே இருந்தது தாய் தந்தையர் துணிந்து கடந்த நெடுவழி ஒன்றே.

இளமையும் கல்வியும்

பின்னர் மெக்காய் குடும்பத்தார் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குத் திரும்பி, மிச்சிகன் மாநிலத்தில் உள்ள இப்சிலான்டி என்னும் ஊரை அடுத்து வாழலாயினர். மிச்சிகன் வடபகுதி மாநிலங்களுள் ஒன்று; அங்கு அடிமை முறை கிடையாது.

எலைஜாவுக்குச் சிறுவயது முதலே பொறிகளில் பேரீடுபாடு இருந்தது. பழுதுற்ற பொருள் எதைக் கண்டாலும், அதனைப் பிரித்துப் பார்த்து மீண்டும் பொருத்துவதில் அவர் மகிழ்ச்சி கண்டார். மைந்தரின் மனப்போக்கைப் பெற்றோர் உணர்ந்தனர். ஆனால், அந்நாளில் கறுப்பினச் சிறுவன் ஒருவன் பொறியியல் கற்பதற்கு அமெரிக்க நாட்டில் வாயில்கள் பெரும்பாலும் அடைக்கப்பட்டிருந்தன. பெற்றோர் மனந்தளரவில்லை. எழுத்தறிவு பெறுவதற்கே அடிமைகளுக்குத் தடை இருந்த காலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். கல்வியின் அருமையை அவர்களைவிட நன்கு உணர்ந்தவர் யாவர்? உழைத்துச் சேர்த்த பொருளைக் கொண்டு, பதினைந்து வயது நிரம்பிய மைந்தரை அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து ஸ்காட்லாந்து நாட்டுக்கு அனுப்பினர்.

ஸ்காட்லாந்து பொறியியலுக்குப் பேர்போன நாடு. நீராவிப் பொறியைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட் பிறந்த நாடும் அதுவே. எடின்பரோ நகரில் எலைஜா பயிற்சி மாணவராக அமர்ந்து, இயந்திரப் பொறியியலைப் படிப்படியாகக் கற்றார். பொறிகளின் உறுப்புக்களை வரைதல், அளத்தல், கடைதல், பொருத்துதல் ஆகியவற்றில் அவர் கை தேர்ந்தது. நீராவியின் இயல்பையும் ஆற்றலையும் அவர் அறிவு தெளிந்தது. இயந்திரப் பொறியாளர் என்னும் தகுதியுடன் அவர் தாயகம் திரும்பினார்.

மிச்சிகன் மத்திய இருப்புப்பாதை

அக்காலத்தில் மிச்சிகன் மாநிலத்தின் உயிர்நாடியாக விளங்கியது மிச்சிகன் மத்திய இருப்புப்பாதை. டெட்ராய்ட் நகரில் தொடங்கிய அப்பாதை, ஏறத்தாழ 30 மைல் தொலைவில் உள்ள இப்சிலான்டியை 1838-ஆம் ஆண்டில் அடைந்தது. தொடக்கத்தில் அதனை மாநில அரசாங்கமே நடத்தியது. 1846-ஆம் ஆண்டில் தனியார் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டது. கம்பெனியார் பாதையை மேற்கே நீட்டிக்கொண்டு சென்று, 1852-ஆம் ஆண்டில் சிகாகோ நகரை எட்டினர். காடுகளாகவும் சதுப்பு நிலங்களாகவும் கிடந்த நிலப்பரப்பில் ஊர்கள் தோன்றின. கோதுமையும் மரமும் கால்நடைகளும் அப்பாதை வழியே நகரங்களுக்குச் சென்றன.

அந்நாளைய அமெரிக்க எஞ்சின்கள் தனித் தோற்றம் உடையவை. முன்னே நான்கு சிறு சக்கரங்களும், பின்னே ஆளுயரத்தை நெருங்கும் நான்கு பெருஞ்சக்கரங்களும் அவற்றுக்கு உண்டு. பாதையில் குறுக்கிடும் கால்நடைகளை ஒதுக்கித் தள்ளுவதற்காக முகப்பில் கூரிய இரும்புச் சட்டம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதற்கு மேலே பெரிய விளக்கும், அகன்ற புகைபோக்கியும், வெண்கல மணியும் விளங்கும். விறகை உண்டு ஓடிய எஞ்சின்கள் பல. நாளடைவில் நிலக்கரியை உண்பவை மிகுந்தன.

இத்தகைய இருப்புப்பாதைக் கம்பெனியில் பொறியாளராக அமரலாம் என்று மெக்காய் நம்பியது இயல்பே. ஆனால், கறுப்பினத்தவர் ஒருவரைப் பொறியாளராக ஏற்றுக்கொள்ள எவரும் முன்வரவில்லை. அடிமை முறை 1865-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது உண்மையே. சட்டப் புத்தகத்திலிருந்து அடிமை முறை அகன்றது. மக்கள் மனத்திலிருந்து நிறவேற்றுமை அகலவில்லை. அவருக்குக் கிடைத்தது எஞ்சினில் நெருப்பு வளர்க்கும் ஃபயர்மேன் வேலையும், எஞ்சினுக்கு எண்ணெய் இடும் வேலையுமே ஆகும்.

மெக்காய் அவ்வேலையை மறுத்திருக்கலாம். மனம் கசந்து ஒதுங்கியும் இருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. மிச்சிகன் மத்திய இருப்புப்பாதையின் எஞ்சினில் ஏறி, கரிவாரியைக் கையில் ஏந்தினார்.

நெருப்பறையின் முன்

ஃபயர்மேனின் வேலை எளிதன்று. ஆடிக் குலுங்கும் எஞ்சினில் கால் ஊன்றி நின்று, நெருப்பறையின் கதவைத் திறந்து, எரிபொருளை ஓயாமல் அள்ளிப் போட வேண்டும். முகத்தில் அனல் வீசும். முதுகில் பனிக்காற்று அடிக்கும். நெருப்புக் குறைந்தால் நீராவி குறையும். நீராவி குறைந்தால் வண்டி மேடு ஏறாது. கொதிகலனில் நீர் தாழ்ந்துவிட்டாலோ பேரிடர் விளையும். ஆதலின் கண் ஒருபுறமும் கை ஒருபுறமும் இடைவிடாது இயங்க வேண்டும்.

இவற்றோடு எண்ணெய் இடும் பணியும் சேர்ந்தது. இரும்பும் இரும்பும் உராயும் இடத்தில் வெப்பம் பிறக்கும், தேய்வு உண்டாகும். கட்டை வண்டியின் அச்சுக்கு மசகு இடாவிட்டால் அது கிறீச்சிட்டு அழுவதையும், நாளடைவில் தேய்ந்துபோவதையும் யாவரும் அறிவர். பல நூறு மணங்கு எடையுள்ள எஞ்சினுக்கு மசகு எவ்வளவு இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி நின்றவுடன், நீண்ட மூக்குள்ள எண்ணெய்க் குவளையை ஏந்தி, அச்சு, இணைப்புத் தண்டு, முளை ஆகிய ஒவ்வோர் உறுப்புக்கும் தொழிலாளர் எண்ணெய் வார்த்தனர்.

எஞ்சினின் வெளியுறுப்புக்களுக்கு எண்ணெய் இடுவது ஒருவாறு எளிது. உள்ளுறுப்புக்களுக்கு இடுவதே அரிது. எஞ்சினின் ஆற்றல் பிறக்கும் இடம் சிலிண்டர் எனப்படும் உருளை. கொதிகலனிலிருந்து வரும் நீராவி அதனுள் புகுந்து, பிஸ்டனை முன்னும் பின்னும் தள்ளுகிறது. பிஸ்டனின் அசைவே தண்டுகளின் வழியாகச் சக்கரங்களைச் சுழற்றுகிறது. இப்பிஸ்டனும், நீராவியை உள்ளே விடுகின்ற வால்வும் இடைவிடாது உராய்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுக்கு மசகு சென்றாக வேண்டும். ஆனால், உள்ளே நீராவி பேரழுத்தத்துடன் நிரம்பியிருக்கும்போது மூடியைத் திறந்தால் எண்ணெய் உள்ளே இறங்காது. நீராவி அதனை வெளியே சீறியடிக்கும்.

ஆகவே, நீராவியை நிறுத்திய பின்னரே மசகு இட முடிந்தது. வண்டி நிற்கும்போதோ, இறக்கத்தில் தானாக உருண்டு செல்லும்போதோ நீராவியை அடைப்பார்கள். ஓடும் வண்டியாயின், ஃபயர்மேன் எஞ்சினின் பக்கவாட்டில் உள்ள குறுகிய நடைபலகை வழியே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு முன்னே செல்வார். உருக்கிய விலங்குக் கொழுப்பைச் சிலிண்டரை அடுத்த கிண்ணத்தில் ஊற்றித் திரும்புவார். மழையிலும் பனியிலும் அப்பலகை வழுக்கும். கால் தவறினால் உயிர் தவறும். இவ்வாறு ஊற்றிய கொழுப்பும் ஒருசேர உள்ளே சென்று, விரைவில் நீராவியுடன் வெளியேறிவிடும். சிறிது நேரம் மிகுதியான மசகு, நெடுநேரம் மசகின்மை. இதனால் உறுப்புக்கள் தேய்ந்தன, எரிபொருள் வீணாயிற்று, காலமும் கழிந்தது.

இக்குறையைப் பொறியாளர்கள் அறியாதவர்கள் அல்லர். இங்கிலாந்தில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்பார் 1860-ஆம் ஆண்டிலேயே தானாக மசகிடும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். வேறு சிலரும் முயன்றுகொண்டிருந்தனர். ஆயினும், இவ்வேலையில் முற்றும் குறைதீர்ந்த கருவி அமையவில்லை. பொறியியலைக் கற்றோர் பலர் எண்ணெய்க் குவளையை ஏந்தியதில்லை. எண்ணெய்க் குவளையை ஏந்தியோர் பலருக்குப் பொறியியலைக் கற்கும் வாய்ப்புக் கிடைத்ததில்லை. மெக்காயிடம் இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தன. அவரை இழிவுபடுத்துவதாக எண்ணி உலகம் அளித்த வேலையே அவருக்கு ஆய்வுக்கூடம் ஆயிற்று.

மசகுக் கருவி

பணி முடிந்து வந்த பின்னர் மெக்காய் தம் சிறு தொழிற்கூடத்தில் அமர்ந்து சிந்தித்தார், வரைந்தார், செய்து பார்த்தார். மசகு உள்ளே செல்வதற்குத் தடையாக இருப்பது நீராவியின் அழுத்தம். அவ்வழுத்தத்தையே மசகைச் செலுத்தும் ஏவலாளாக ஆக்கினால் என்ன என்பது அவர் எண்ணம். பகையையே துணையாக மாற்றிக்கொள்ளும் சூழ்ச்சி அது.

அவர் அமைத்த கருவி பார்வைக்கு ஓர் எண்ணெய்க் கிண்ணம் போன்றது. எஞ்சின் இயங்கும்போது நீராவியின் அழுத்தம் அக்கிண்ணத்தினுள் உள்ள வால்வை இயக்கும். எண்ணெய் சிறிது சிறிதாக உள்ளே இறங்கும். மனிதர் எவரும் நடைபலகையில் நடந்து செல்ல வேண்டுவதில்லை. மசகிடுவதற்காகப் பொறியை நிறுத்த வேண்டுவதும் இல்லை. பொறி தனக்கு வேண்டிய எண்ணெயைத் தானே அருந்திக்கொள்ளும்.

நீராவிப் பொறிகளுக்கான இம்மசகுக் கருவிக்கு 1872-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 23-ஆம் நாள் அமெரிக்க அரசாங்கம் அவருக்குக் காப்புரிமை வழங்கியது. அக்காப்புரிமையின் எண் 1,29,843 ஆகும். அப்போது மெக்காய்க்கு வயது இருபத்தெட்டு. அவருடைய வாழ்க்கையில் இன்பமும் துன்பமும் அவ்வாண்டில் ஒருங்கே வந்தன. 1868-ஆம் ஆண்டில் அவர் மணந்துகொண்ட ஆன் எலிசபெத் அம்மையார் அதே ஆண்டில் உயிர் நீத்தார். மறு ஆண்டில் அவர் மேரி எலினோரா என்னும் அம்மையாரை மணந்தார். கல்வியும் தொண்டுள்ளமும் வாய்ந்த அவ்வம்மையார் அரை நூற்றாண்டுக் காலம் அவருக்கு உற்ற துணையாக விளங்கினார். டெட்ராய்ட் நகரில் முதிய கறுப்பின மகளிர்க்கு இல்லம் அமைத்தோருள்ளும் ஒருவராக இருந்தார்.

மெக்காயின் கருவி புகைவண்டி எஞ்சின்களுக்கு மட்டும் அன்றி, கப்பல்களிலும் தொழிற்சாலைகளிலும் இருந்த நீராவிப் பொறிகளுக்கும் பயன்பட்டது. கரி வாரிய கைகள் வரைந்த கருவியை, அக்கைகளின் நிறம் அறியாத எஞ்சின்கள் ஏற்றுக்கொண்டன. இரும்புக்கு நிறவேற்றுமை தெரியாது. நன்றாக அமைந்த கருவியை அது மறுப்பதில்லை.

பெயர் மறைந்த படைப்புக்கள்

மெக்காய் ஒரு கருவியோடு நின்றுவிடவில்லை. முதற்கருவியில் கண்ட குறைகளைக் களைந்து மேன்மேலும் செப்பம் செய்தார். 1882-ஆம் ஆண்டில் டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்து, பொறித் தொழிற் கம்பெனிகளுக்கு அறிவுரை கூறுபவராகவும் விளங்கினார். தம் வாழ்நாளில் அவர் பெற்ற காப்புரிமைகள் 57 ஆகும். அவற்றுள் பெரும்பாலானவை மசகுக் கருவிகளைப் பற்றியவை. துணிகளை இஸ்திரி போடுவதற்கான மேசை, புல்தரைக்கு நீர் தெளிக்கும் கருவி ஆகியனவும் அவற்றுள் அடங்கும்.

இவ்வளவு படைப்புக்களைத் தந்தவர் பெருஞ்செல்வராக வாழ்ந்திருப்பார் என்று எண்ணத் தோன்றும். உண்மை அவ்வாறில்லை. கருவியைக் கண்டுபிடிப்பதற்கு அறிவு போதும். அதனை ஆயிரக்கணக்கில் செய்து விற்பதற்குப் பெரும்பொருள் வேண்டும். மெக்காயிடம் அப்பொருள் இல்லை. ஆதலின், தம் காப்புரிமைகள் பலவற்றை முழுமையாகவோ பகுதியாகவோ பிறருக்கு உரிமையாக்கிவிட்டு, அதனால் வந்த தொகையைக் கொண்டு அடுத்த ஆராய்ச்சியை நடத்தினார். செய்து விற்றவர் பொருள் ஈட்டினர். கருவிகள் பலவற்றில் அவர் பெயர் பொறிக்கப்படவும் இல்லை. அவர் கருவியால் பயன் பெற்றோருள் பலர், அதனைப் படைத்தவர் கறுப்பினத்தவர் என்பதையும் அறியார்.

ஆயினும், அவர் புகழ் முற்றும் மறைந்துவிடவில்லை. கறுப்பின மக்களின் கல்விக்காக உழைத்த புக்கர் வாஷிங்டன், தம் மக்களின் வரலாற்றை எழுதி 1909-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அந்நூலில் மெக்காயின் கண்டுபிடிப்புக்களை அவர் எடுத்துரைத்துள்ளார். கண்டுபிடிக்கும் ஆற்றல் ஒரு நிறத்தார்க்கு மட்டுமே உரியது என்று வாதிட்டோருக்கு மெக்காயின் வாழ்வே மறுப்பாக அமைந்தது.

மெக்காயின் பெயரோடு சேர்த்து வழங்கும் செய்தி ஒன்று உண்டு. போலியல்லாத உண்மைப் பொருளை ஆங்கிலத்தில் உண்மையான மெக்காய் என்று குறிப்பிடும் வழக்கம் இருக்கிறது. போலி மசகுக் கருவிகளை விலக்கி, மெக்காய் செய்த கருவியையே தருமாறு பொறியாளர்கள் கேட்டதனால் இத்தொடர் பிறந்தது என்பர். இது கேட்பதற்கு இனிய கதை. ஆனால், இத்தொடரை ஒத்த வழக்கு ஸ்காட்லாந்தில் 1856-ஆம் ஆண்டிலேயே காணப்படுகிறது. எலைஜா அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுவர். ஆதலின், தொடர் அவரிடமிருந்து பிறந்தது என்று துணிந்து கூறுவதற்கில்லை. தொடர் அவருக்கு உரியதோ அன்றோ, அது குறிக்கும் பண்பு அவருக்கு உரியதே.

முதுமையிலும் தளராமை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகைவண்டி எஞ்சின்களில் பெரிய மாறுதல் ஒன்று நேர்ந்தது. கொதிகலனிலிருந்து வெளிவரும் நீராவியை மீண்டும் சூடேற்றிச் சிலிண்டருக்கு அனுப்பும் முறை பரவியது. இதனால் நீராவியின் ஆற்றல் மிகுந்தது. கரியும் நீரும் மிச்சப்பட்டன. ஆனால், மிகைவெப்பம் கொண்ட அந்நீராவியில் மசகு எண்ணெய் தன் பண்பை இழந்தது. எண்ணெய் காய்ந்த இடத்தில் உராய்வு மீண்டும் தலையெடுத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் தீர்ந்ததாகக் கருதிய சிக்கல் புதிய உருவில் வந்து நின்றது.

அதனைத் தீர்க்க முன்வந்தவர்களுள் முதியவர் மெக்காயும் ஒருவர். பென்சிலில் எழுதுகோலாக அமைந்திருக்கும் காரீயகம் என்னும் பொருள் வழவழப்பானது. கடும் வெப்பத்தையும் தாங்க வல்லது. அதனைப் பொடியாக்கி எண்ணெயுடன் கலந்து செலுத்தினால் உராய்வைத் தடுக்கலாம் என்று அவர் கண்டார். ஆனால், பொடி அடியில் தங்கிக் குழாயை அடைத்துக்கொள்ளும். அவ்வாறு அடைபடாமல், எண்ணெயும் காரீயகமும் சீராகச் செல்லுமாறு அவர் கருவி அமைத்தார். புகைவண்டி எஞ்சினுக்கான அக்கருவிக்கு 1915-ஆம் ஆண்டில் காப்புரிமை கிடைத்தது. அப்போது அவர் எழுபது ஆண்டுகளைக் கடந்தவர். தம் கண்டுபிடிப்புக்களுள் இதனையே அவர் தலைசிறந்ததாகக் கருதினார்.

பிறர் பெயரில் தம் கருவிகள் வெளிவருவதைப் பல்லாண்டுகள் கண்டுவந்த மெக்காய், 1920-ஆம் ஆண்டில் தம் பெயரால் கம்பெனி ஒன்றை டெட்ராய்ட் நகரில் நிறுவினார். எழுபத்தாறாம் வயதில் அவருடைய பெயர் அவருடைய தொழிற்சாலையின் வாயிலில் விளங்கியது. அம்மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1922-ஆம் ஆண்டில் அவரும் மேரி அம்மையாரும் மோட்டார் வண்டி விபத்தில் சிக்கிப் பெருங்காயமுற்றனர். அம்மையார் அதிலிருந்து முழுதும் தேறாமலே 1923-ஆம் ஆண்டில் மறைந்தார். மெக்காயின் உடல்நலமும் செல்வமும் குன்றின. இறுதியில் டெட்ராய்ட் நகரை அடுத்த எலோயிஸ் என்னும் இடத்தில் ஏழை எளியோர்க்காக அமைந்த மருத்துவ விடுதியில் அவர் சேர்க்கப்பட்டார். 1929-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10-ஆம் நாள், எண்பத்தைந்தாம் வயதில் அவர் ஆவி பிரிந்தது.

காலம் அளித்த சிறப்பு

வாழ்ந்த காலத்தில் மறுக்கப்பட்ட சிறப்பைக் காலம் மெல்ல மெல்ல அவருக்கு அளித்தது. அவர் வாழ்ந்த இல்லம் இருந்த இடத்தில் மிச்சிகன் மாநிலத்தார் நினைவுப் பலகை நாட்டினர்; டெட்ராய்ட் நகரில் தெரு ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் பெருமன்றத்தில் 2001-ஆம் ஆண்டில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அமெரிக்க அரசாங்கத்தின் காப்புரிமை அலுவலகம், தலைநகர்ப் பகுதிக்கு வெளியே தன் முதற்கிளையை 2012-ஆம் ஆண்டில் டெட்ராய்ட் நகரில் திறந்தது. புதியன கண்டுபிடிப்போர் தம் உரிமையைப் பெறுவதற்காக வந்து சேரும் அவ்வலுவலகத்துக்கு எலைஜா மெக்காயின் பெயரையே சூட்டினர். தம் காப்புரிமைகளின் முழுப்பயனையும் துய்க்க இயலாமற்போன ஒருவருக்கு இதனினும் பொருத்தமான நினைவுச் சின்னம் வேறு யாது?

நீராவி எஞ்சின்களின் காலம் முடிந்துவிட்டது. 1950-களில் டீசல் எஞ்சின்கள் அமெரிக்க இருப்புப்பாதைகளில் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. மெக்காய் கரி அள்ளிப் போட்ட எஞ்சின்கள் மறைந்தன. அவற்றின் கூவலும் புகையும் மறைந்தன. ஆயினும், இயங்கும் பொறி இயக்கத்தின்போதே தன் மசகைத் தானே பெற வேண்டும் என்னும் கருத்து மறையவில்லை. மோட்டார் வண்டி முதல் பெருந்தொழிற்சாலையின் சுழலிகள் வரை அக்கருத்து நிலைத்துள்ளது.

தாய் தந்தையர் தண்டவாளம் இல்லாத பாதையில் நடந்து விடுதலை பெற்றனர். மைந்தர் தண்டவாளப் பாதையில் நின்று, மாந்தருக்குப் பயன்படும் அறிவுச் செல்வத்தை ஈட்டினார். தகுதிக்கு ஏற்ற இடம் அவருக்குத் தரப்படவில்லை. அவரோ தரப்பட்ட இடத்தைத் தம் தகுதியால் உயர்த்தினார். அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி அதனால் நீதி ஆகிவிடாது. அவரைப் போன்று அறிவு படைத்தும், கரிவாரியோடே வாழ்வைக் கழித்து மறைந்தவர்கள் எத்தனை பேரோ! நிறமும் பிறப்பும் நோக்கி ஒருவரை ஒதுக்கும் சமுதாயம், தன் தேரின் அச்சாணியைத் தானே கழற்றி எறிகிறது. எலைஜா மெக்காயின் வாழ்க்கை இவ்வுண்மையை என்றும் உணர்த்திக்கொண்டிருக்கும்.